கிரீவ் ஒருமுறைதான் கேட்டார்

ஜூன் 3, செவ்வாய்

வார்டு அலுவலகத்தில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்குச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். தம்பி சிவராஜின் பெயர் வந்துவிட்டது. மாதக் கடைசியில் கூட்டிப் போவார்களாம்.

"லாட்டரியே விழாத எனக்கு இப்பப் பாருக்கா!" என்று சிரித்தான். அம்மா அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள்.

ஜூன் 6

மழை. எதைப் பிரித்தாலும் நாலு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை.

ஜூன் 9

கிரீவ் யாங்கோன் வருகிறார். இளம் அமெரிக்க அதிகாரியாக அவர் இங்கே இருந்தபோது அப்பாதான் அவருக்குக் கார் ஓட்டினார். பிறகு ஐந்து நாடுகளில் தூதர், இரண்டு போர்நிறுத்தப் பேச்சுகள், வாஷிங்டனில் பெரிய பதவி. ஓய்வுபெற்ற பின்னும் இங்குள்ள மேலிடத்து ஆட்களுக்கு அவரிடம் மதிப்புண்டு. அப்பா இல்லாத வீட்டுக்கு வந்து போக விரும்புவதாக எழுதியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக் கமலாட்சி அக்கா சொல்கிறாள்: "அவுங்களோடதானே விருந்து சாப்பிடப் போறாரு? ஒரு வார்த்தை சொன்னா போதும்டி, தம்பிய விட்டுருவாங்க."

நம்பலாமா?

அவர் சுயசரிதையை மறுபடி எடுத்தேன். இங்கே முதலில் சொல்லும் 'வேண்டாம்' மரியாதைக்கு, மறுபடி கேட்டால்தான் மனதில் உள்ளது வரும் என்று எழுதியிருக்கிறார். பிறருக்குத் தொந்தரவு தரக் கூசுவதைப் பர்மியர் 'ஆனாடெ' என்பார்கள். இத்தனை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர் நமக்கும் அது ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, நம்மை அறிந்தவர்.

ஜூன் 14

யாங்கோனிலிருந்து எங்கள் ஊரான தன்லியினுக்கே வந்தார். மெலிந்துவிட்டார். வெள்ளத்தில் நின்ற காரை அப்பாவும் அவரும் தள்ளிய கதையைச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தார். பிறகு அம்மா தம்பியைப் பற்றிச் சொன்னாள். ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. நீங்க வந்ததே போதும். இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கங்க" என்றாள் அம்மா.

அப்படியே சொன்னேன். அம்மா கரண்டியோடு நின்றாள். அவர் மறுபடி கேட்கவேண்டிய இடம் அது. தலையசைத்தார். தட்டை நீட்டினார். கோழிக்குழம்பைப் பாராட்டினார்.

நானாவது வாய் திறந்திருக்கலாம் — எனக்கும் அதே கூச்சம்.

ராத்திரி முழுக்க எனக்குள் இதுதான் ஓடுது: மறந்துட்டாரா? அவரா? புத்தகத்துல தன் கையால எழுதினவரு! தெரிஞ்சேதான் முதல் 'வேணாம்'ஐ வாங்கிட்டுப் போயிட்டாரு. அத்தனை வருஷ உத்தியோகத்துல வேற எதைக் கத்துக்கிட்டாரு?

ஜூன் 17

கூச்சத்தை விட்டு அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

ஜூன் 23

பதில் வந்தது. அப்பாவைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். அம்மாவின் சமையலைப் பற்றியும்.

அவ்வளவுதான்.

ஜூன் 30

காலையில் வார்டு அலுவலக வாசலுக்கு வேன் வந்தது. ஏறும்போது சிவராஜ், "அக்கா, என் போன் வீட்டுல சார்ஜ்ல கெடக்கு, எடுத்துடு" என்றான். அம்மாவைப் பார்க்காமலே சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது. போன் பாதிதான் ஏறியிருந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் மறுபடி மாட்டிவைத்தேன்.