புத்தூர்க் கட்டு குழுவின் வெற்றிப் பாடல்கள்

திருப்பதி,
10-3-2003.

அன்புள்ள யஸ்வந்துக்கு,

கன்னையா எழுதுவது. இங்கே நானும் யமுனாவும் நலம். அங்கே எடிசன் நகரில் பனி விட்டதா?

உன் மாமா மகன் ஒரு பை நிறைய சி.டி. கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் ‘புத்தூர்க் கட்டு – கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறாய். வெற்றி பெறாத பாட்டு என்று சில இருந்தால்தான் வெற்றிப் பாட்டைத் தனியாகப் பிரிக்க முடியும். நம் குழு மொத்தம் ஒன்பது பாட்டுப் போட்டது. ஒன்பதும் இதில் இருக்கின்றன. விற்காத கேசட்டுகள் என் கட்டிலுக்கு அடியில் இருப்பதை உலகம் இனி அறியாது.

என் கவலை பத்தாவது பாட்டைப் பற்றியது. அதைத்தான் நீ முதல் பாட்டாக வைத்திருக்கிறாய்.

அமெரிக்காவில் மறந்திருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் போட்டவன் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கியவன் கும்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். பெண்களிடம் வாலாட்டிவிட்டு ஒளிந்திருந்த பாளையக்காரனை வெளியே இழுக்க அம்மனே தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டு போனாளாம். அந்த உரிமையில்தான் நீ, நான், சீனு மூவரும் உடம்பெல்லாம் நாமக்கட்டியைப் பூசி, பைராகிச் சாமியார் வேஷத்தில் மணல் காண்ட்ராக்டர் பாலையாவின் வாசலில் நின்றோம். நீயும் சீனுவும் பாடினீர்கள், நான் பக்கத்தில் நின்றேன். ‘பாலையா, பாலையா, ஆத்து மணல துன்னவனே, பசி ஆறலன்னா எங்க வூட்டு மண்ணையும் துன்னு.’ அவர் கைகட்டிக் கேட்டார். முடிந்ததும் மோர் கொடுத்தார். பிறகு ஸ்டுடியோவில் பதிவு செய்தாலும் அதை நாம் கேசட்டில் போடவே இல்லை. காரணம் மூவருக்கும் தெரியும்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு டீக்கடையில் அது ஓடியது. பாலையாவின் லாரி டிரைவர் ஒருவர் டீ ஆறும்வரை முழுதும் கேட்டுவிட்டு, சி.டி.யை ஒருநாள் இரவல் கேட்டு வாங்கிப் போனார். பாடும்போது உன் குரல் மூக்கால் வருவதால் யாரும் அடையாளம் காண மாட்டார்கள். நான் எழுதியதோடு சரி. ‘பாலையா, பாலையா’ என்று டிரம்ஸுக்கு மேல் கத்துவது மட்டும் சீனு. அவன் இப்போது கார்வேட்டிநகரம் சாலையில் பாலையாவின் ஜல்லி கிரஷரில் எடை மேடையில் வேலை பார்க்கிறான்.

நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பாட்டை எடுத்துவிடு.

அன்புடன்,
கன்னையா

*

திருப்பதி,
14-4-2003.

அன்புள்ள யஸ்வந்துக்கு,

உன் பதில் கிடைத்தது. கலைஞன் எவனுக்கும் பயந்து தன் குரலை வெட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். நல்ல வாக்கியம். அதைச் சீனுவின் மனைவி பத்மாவதிக்குப் படித்துக் காட்டினேன். ‘அந்தண்ணனுக்கு அங்க குளுரு ஜாஸ்தியா?’ என்று மட்டும் கேட்டாள்.

மின்னஞ்சலில் எழுதாததற்குக் கோபிக்காதே. இன்டர்நெட் கடை பாலையாவின் மருமகனுடையது. போன் பூத்தும் அதற்குள்தான் இருக்கிறது.

பாலையாவிடமிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மிக மரியாதையானவர்கள், செருப்பை வாசலிலேயே விட்டார்கள். யமுனா கொடுத்த காபியைப் பாராட்டினார்கள். ஒருவர் சி.டி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘எலும்பு முறிஞ்சா போட்ற புத்தூர்க் கட்டையே பேரா வெச்சிக்கினீங்களே சார், முன்யோசனைதான்’ என்றார். அன்றிலிருந்து யமுனா பகலிலும் தாழ்ப்பாள் போடுகிறாள்.

சீனு அன்று வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. கிரஷரிலேயே ஓர் அறை, கட்டில், மின்விசிறி, மூன்று வேளைச் சாப்பாடு. விருந்தாளி என்கிறார்கள். கேட் வெளியிலிருந்து பூட்டப்படுவது இந்த விருந்தோம்பலின் தனிச் சிறப்பு. பத்மாவதி துவைத்த துணியைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவன் விரல்கள் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கின்றனவாம், நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லையாம். போலீசுக்குப் போகலாம் என்றேன். ‘வாணாம்ணா, நாளிக்கு நீ வூட்டுக்குப் போய்டுவ, அவரு உள்ள கீறாரு’ என்று அழுதாள்.

நான் பாலையாவிடமே போனேன். அவர் சத்தம் போடவில்லை. பாட்டில் ஒரு சொல்லையும் மறுக்கவும் இல்லை. ‘ஜாத்திரையில திட்னா அது அம்மா கணக்கு சார். வாசல்ல நின்னு வாங்கிக்கினேன், மோரும் குட்த்தேன். இப்ப ஜாத்திரையும் இல்ல, வேஷமும் இல்ல, பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறவன்லாம் கேக்கறான். இது யாரு கணக்கு?’ என்றார்.

பாட்டை எழுதியவன் நான்தான், சீனுவை விடுங்கள் என்றேன். சிரித்தார். ‘எழுத்தறவன் வூட்டுக்குள்ள குந்திக்கினு எத்த வோணா எழுதுவான். வாயத் தொறந்தவன் வரணும். அந்த அமெரிக்காக்காரனை வரச் சொல்லு. ஜாத்திரையில வேஷம் போட்டுக்கினு என் எதிர்ல நின்னு பாடட்டும், தாம்பூலம் வெச்சி அனுப்பறேன். அதுவரிக்கும் சீனு நம்ம வூட்டுப் புள்ள, இங்கியே துன்னுக்கினு இர்க்கட்டும்.’ யாரும் வராமல் ஜாத்திரை முடிந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

கிரீன் கார்டு வரும்வரை அந்த நாட்டைவிட்டு நகரக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். சீனுவும் ஒரு கேட்டைவிட்டு நகர முடியாமல்தான் இருக்கிறான். பாட்டை இப்போது எடுத்துவிட்டாலும் பயனில்லை. பஸ் ஸ்டாண்டில் அதை நகல் எடுத்து விற்கிறார்கள். நம் குழுவின் முதல் உண்மையான வெற்றிப் பாட்டு இதுதான். உனக்கு வாழ்த்துகள்.

மே மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஜாத்திரை தொடங்குகிறது. மறுநாள் பைராகி வேஷம். இரண்டு உடம்புக்கு ஆகும் அளவு நாமக்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். நீ வந்தால் நீ பாடு, நான் பக்கத்தில் நிற்கிறேன். வராவிட்டால் என் பங்கைப் பூசிக்கொண்டு நானே போய் வாயைத் திறப்பேன். ஒரே ஒரு முறை நான் பாடக் கேட்டுவிட்டு, இனிமேல் வாயே திறக்காதே என்று நீ இரு கைகளையும் கூப்பினாய். சரி என்று சொன்னேன். இன்றுவரை அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன்.

கங்கம்மா உன்னையும் உன் பிள்ளைகளையும் நலமாக வைக்கட்டும்.

உன்,
கன்னையா