காய்ச்சிக் கொடுத்த பால்

இன்று காலை பால்பவுடர் டப்பாவைத் திறந்ததும் உன் சமையலறை வாசனை வந்தது. துபாயில் நம் அல் குசைஸ் பகுதியில் பாதி வீடுகளில் பவுடர் பால் டீதான். உன் வீட்டில் மட்டும் அதற்குக் காரணம் வேறு.

உன் கணவர் கீவில் படிக்க, நீயும் அங்கே இருந்தபோது செர்னோபில் அணு உலை வெடித்தது. குழந்தைகளுக்குப் பால் கொடுக்காதீர்கள் என்ற செய்தி உங்கள் காதுக்கு எட்டுவதற்குள் பல நாள் கடந்திருந்தது. அதுவரை ஒரு வயது மகள் நித்யாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். "நல்லாக் காய்ச்சித்தான்டி குடுத்தேன்" என்பாய். காய்ச்சினால் போகிற விஷமில்லை கதிர்வீச்சு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, துபாயில், உன் கழுத்தில் கட்டி. தைராய்டு புற்றுநோய். அறுவை முடிந்து வீடு திரும்பிய வாரம் கேட்டாய்: "அந்தப் பாலாலதானே?"

நான் புள்ளியியல் படித்தவள். மருத்துவமனைப் பதிவேடுகளோடு காலம் தள்ளுபவள். உறுதியில்லாததைச் சொல்லிப் பழக்கமில்லை.

"உனக்கு அதனாலதான்னு சொல்ல முடியாது. அப்ப சின்னப் பிள்ளைங்களா இருந்தவங்களுக்குத்தான் இந்த நோய் ரொம்பக் கூடியிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். உள்ளறையில் நித்யா போனில் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு வருமா?"

"பெரும்பாலானவங்களுக்கு வராது. ஆனா பார்த்துடணும்."

"நிச்சயம் பண்ணியாச்சு. இப்பப் போய்க் கழுத்தை ஸ்கேன் எடுத்தா மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்ல? நீ சொன்னதுல முதல் பாதி எனக்குப் போதும்டி. மீதியை நீயே வச்சுக்க."

நான் வற்புறுத்தவில்லை. அது என் அடக்கம் என்று அப்போது நினைத்தேன். சோம்பல் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணம் நடந்தது. நோய் உன் நுரையீரலுக்குப் போனது. கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வருஷா வருஷம் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போ. நான் சொன்னா பயந்துருவா. நீ சொன்னா, ஆன்ட்டிக்கு வேற வேலையில்லைன்னு நினைச்சுக்குவா."

இன்று நித்யாவை அழைத்துப் போனது மூன்றாவது முறை. ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"கலாஸ் ஆன்ட்டி, போதும், இதோட விட்டுடலாமே" என்றாள் காரில்.

"அடுத்த வருஷமும் வரணும்."

"அம்மாவுக்கு வந்ததாலயா?"

"ஆமா" என்றேன். உறுதியில்லாத ஒன்றை உறுதியாகச் சொன்னது என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

மீதியை, அந்தப் பால் கதையை, நானே வைத்திருக்கிறேன்.