அப்பமாவுக்குள்ள பியர் மண்டி

இஞ்சருங்கோ, குளியல் தொட்டிக்குள்ள நீங்கள் புளிக்கப்போட்டு வச்சிருக்கிற கறுப்புப் பியர் வாளியும் கோதுமைப் பியர் வாளியும் நான் வேலையால வர முதல் வெளியில போகவேணும். என்ர கோட்டிலயும் அந்தப் புளிச்ச நாத்தம். நேற்று மெட்ரோவில பக்கத்தில இருந்த மனிசி எழும்பிப் போட்டா.

பிரிட்ஜில சளி மாதிரிக் கிடந்ததை ஈஸ்ட் எண்டு நினைச்சு நேற்று அப்பமாவுக்குள்ள ஊத்திப்போட்டன். போத்தலில நீங்கள் 'பியர் அடிமண்டி' எண்டு எழுதினதை இப்பதான் கண்டன். சீ, சத்தி வருது!

பியர் எண்டாலே காறித் துப்புற உங்கட அம்மா காலமை அஞ்சு அப்பம் சாப்பிட்டவ. "இப்பதான் பிள்ளை, உனக்கு அப்பம் சுட வந்திருக்கு" எண்டு மெச்சினவ. அவவுக்கு மூச்சும் விடாதையுங்கோ. உங்கட பங்கு அடுப்படியில மூடிக்கிடக்கு.

சிவாஜினி

பி.கு: ஞாயிறும் அதே அப்பம் வேணுமாம். வாளியளைத் தூக்கி எறியுங்கோ. அந்தக் கருமம் பிடிச்ச போத்தலை மட்டும் விட்டுவையுங்கோ.