பஸ் ஓட்டுநரின் பாய்மரப் படகு

செதூபல்,
செப்டம்பர் 9

அன்பு மகன் டெல்மோவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. லக்ஸம்பர்கில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் காலத்தில் அம்மா எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். என்னுடைய போன் படகோடு போய்விட்டது. அப்பாவின் போன் பொழுது விடிந்தால் அப்பா கையில்தான். நாங்கள் இப்போது தங்கியிருக்கும் உன் லுடோவினா அத்தை வீடு உனக்குத் தெரியும், சமையலறையில் முணுமுணுத்தால் பின் அறையில் கேட்கும். நான் சொல்ல வந்தது அப்பா காதில் விழக்கூடாத விஷயம். அதனால் உருளைக்கிழங்கு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சந்தைக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் படகு மூழ்கிய அன்று பத்திரிகைக்காரர்கள் இணையத்தில் செய்தி போட்டார்கள், 'ஓர்காத் திமிங்கிலங்கள் தாக்கி உல்லாசப் படகு மூழ்கியது, அறுபது வயதுத் தம்பதி மீட்பு' என்று. அதற்குக் கீழே ஊர்ப்பட்ட ஜனங்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் கைதட்டல்தான். பணக்காரன் ஒருத்தன் ஒழிந்தான், ஓர்காவுக்கு ஒரு மெடல் கொடுங்கள் என்கிற மாதிரி. அதில் நீயும் எழுதியிருக்கிறாய். உன் முழுப் பெயர் இல்லை, பக்கத்தில் ஒரு சின்னப் படம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அப்பா அனுப்பிய பச்சை வெள்ளைக் கால்பந்துச் சட்டையில் நிற்கிற உன்னை எனக்குத் தெரியாதா? 'சபாஷ் ஓர்கா. இனிமே துரை பஸ்ல வரட்டும்' என்று இருக்கிறது.

அப்பா தூங்கும்போது போனை எடுத்து நான் பார்த்துவிட்டேன். அப்பா இன்னும் பார்க்கவில்லை. அவர் பார்ப்பதற்குள் அதை எடுத்துவிடு. இதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை, கண்ணா. செய்தியில் எங்கள் பெயரும் இல்லை, படகின் பெயரும் இல்லை. நீ மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் எழுதியிருப்பாய். சாயங்காலம் போனில் எங்கள் குரலைக் கேட்டு அப்படி அழுதாய். நடுவில் உனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அதை எழுதியதே உனக்கு மறந்துபோயிருக்கும்.

மறந்தது போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் உன் அப்பா சும்மா படிக்கவில்லை. மேலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறார். அவருடைய கண்ணாடியும் கடலுக்குள் போய்விட்டதால், செத்துப்போன உன் மாமாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அமுக்குகிறார். எல்லோருக்கும் ஒரே பதில். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 'மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். என் பெயர் அபீலியோ ஃபொன்ட்டெஸ். செதூபல் நகரில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினேன். அந்தப் படகு உல்லாசத்துக்கு அல்ல, அது எங்கள் வீடு. உங்கள் குடும்பத்தில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.' கேலி செய்கிறவனுடைய குடும்பத்தின் நலத்தை வேண்டுகிற மனிதரை வேறு எங்கே பார்த்திருக்கிறாய்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்கும் சிலர் பல்லைக் காட்டுகிற பொம்மை முகம் போடுகிறார்கள். ஒருத்தன், 'அப்போ துரையோட டிரைவருன்னு சொல்லுய்யா' என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை ஒருவர்கூட நம்பவில்லை.

அவர் பாதிக்கு மேல் இறங்கி வந்துவிட்டார். நீ எழுதியது இன்னும் கீழே இருக்கிறது. தபால் எத்தனை நாளில் உன் கைக்கு வரும் என்று தெரியவில்லை. அவர் விரலுக்கும் தபால்காரனுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று நடந்ததைப் போனில் நீ கேட்டபோது, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கோம், விடுப்பா' என்று அப்பா மழுப்பிவிட்டார். நான் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் போல, படகின் அடியைச் சுரண்டி வண்ணம் அடிப்பதற்காக தெற்கே சீனெஷ் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. நான் கீழே கீரைச் சூப்புக்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னாலிருந்து லாரி மோதியதுபோல ஓர் இடி. மேலே ஓடினால், சுக்கான் பிடி அப்பா கையை உதறிவிட்டுத் தானே இங்குமங்கும் அடித்துக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக மூன்று. இரண்டு பெரியது, ஒன்று குட்டி.

துறைமுகத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எஞ்சினைப் போட்டுக் கரையைப் பார்த்து ஓடு என்பான் ஒருத்தன். பாயை இறக்கு, எஞ்சினை நிறுத்து, சுக்கானைத் தொடாதே, சத்தம் போடாமல் உட்கார் என்று ஒரு காகிதம் அங்கே ஒட்டியிருந்தது. உன் அப்பா காகிதத்தில் எழுதியதைத்தானே கேட்பார். சிவப்பு விளக்கில் காலியான ரோட்டிலும் நிற்கிற மனிதர். 'உக்காரு இடலினா. எதையும் தொடாத. அலுத்துப்போனா அதுங்களே போயிடும்' என்றார். உட்கார்ந்தோம். அவருடைய பஸ்ஸில் வந்த பயணிகள் மாதிரி, கையைக் கோத்துக்கொண்டு, அடி விழ விழ உட்கார்ந்திருந்தோம். அதுகளுக்கு அலுக்கவே இல்லை. சுக்கான் முறிந்த இடத்தில் படகு பிளந்து தண்ணீர் உள்ளே வந்தது. குட்டி, உடைந்த சுக்கான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தாயிடம் காட்டப் போனது. நீ சின்னப் பிள்ளையில் எதையாவது உடைத்து எடுத்துவந்து காட்டுவாயே, அந்த மாதிரி. எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். அதை வறுத்துப்போட நான் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில்கூடச் சட்டி கிடையாது, அதுதான் குறை.

உயிர்காப்புத் தெப்பத்தில் இறங்கிவிட்ட எங்களை ஏற்றியது ஒரு மத்தி மீன் படகு. தெப்பத்திலிருந்து எங்களைத் தூக்கிவிட்ட பிறகும் அவர்கள் கிளம்பவில்லை. நாலு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்று கேட்டேன். அந்தப் படகுத் தலைவன், உன் வயதுதான் இருக்கும், 'முதலாளி எங்கம்மா? உள்ள மாட்டிக்கிட்டாரா?' என்றான். அப்பா ஈரத்தில் நடுங்கிக்கொண்டே, 'நான்தாம்ப்பா' என்றார். 'நீங்க ஓட்டறவருன்னு தெரியுது பெரியவரே. படகுக்காரரு எங்கன்னுதான் கேக்கறேன்' என்றான் அவன். எங்கள் மிதவை வளையத்தில் 'மார்கேசா' என்று எழுதியிருந்தது. பழைய சொந்தக்காரன் வைத்த பெயர். பெயரை மாற்றினால் கடலுக்கு ஆகாது என்று துறைமுகத்தில் எல்லோரும் சொன்னதால் விட்டுவைத்தோம். அதைப் படித்துவிட்டு இன்னொருத்தன், 'சீமாட்டின்னு பேரு வச்சவன் சமையல்காரம்மாவத் தனியாவா அனுப்புவான்? நல்லாத் தேடுங்கடா' என்றான். வீடு கண்ணெதிரே முங்கிக்கொண்டிருக்கிறது, இல்லாத சீமானைத் தேடுகிறார்கள். கடைசியில் நான்தான் கத்தினேன், 'நான் பள்ளிக்கூடத்துல சூப்பு கிண்டினவ, இவரு பஸ் ஓட்டினவரு, முங்குறது எங்க குடித்தனம்ப்பா' என்று. அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சூடாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

கரையிலும் அதே கதைதான். போர்வை கொடுத்த பெண், 'எந்த ஹோட்டல்ல தங்கப்போறீங்க?' என்று கேட்டாள். அத்தை தெருவில் ரொட்டிக்கடைக்காரி, 'உங்களுக்கென்னக்கா, இன்சூரன்ஸ்ல இதவிடப் பெருசா ஒண்ணு வாங்கிடுவீங்க' என்கிறாள். நாம் குடியிருந்த கட்டிடத்தைச் சுற்றுலாக்காரர்களுக்காக விற்று நம்மை வெளியே அனுப்பியபோது, இந்த ஊரில் ஓர் அறைக்குக்கூட வழியில்லாமல்தான் அந்தப் பழைய படகை வாங்கினோம் என்று எத்தனை பேரிடம் சொல்வது? ரொட்டி வாங்கப் போனவள் வாழ்க்கை வரலாறா சொல்ல முடியும்?

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 'இனிமே துரை பஸ்ல வரட்டும்' என்றது உன் சொந்தச் சரக்கு இல்லை. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அப்பா துறைமுக ரோட்டில் பஸ் ஓட்டிய காலத்தில், வரிசையாகக் கட்டியிருக்கும் வெள்ளைப் படகுகளைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டில் கணவாய் வறுவலைக் கடித்துக்கொண்டே சொல்வார், 'ஒரு நாள் இந்தத் துரைங்க எல்லாம் என் பஸ்ல டிக்கெட் எடுத்து நிக்கும் பாரு' என்று. நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உனக்கு அப்போது எட்டு வயதோ என்னவோ. அவர் வாயிலிருந்து எடுத்ததைத்தான் நீ போட்டாய். அதனால்தான் எனக்குப் பயம். மாமாவின் கண்ணாடியில் உன் சின்னப் படம் அவருக்குத் தெரியாமல் போகலாம். அந்த வார்த்தை தெரியாமல் போகாது.

ஊரெல்லாம் சிரித்ததை அவர் தாங்கிக்கொண்டார். நீயும் சிரித்தாய் என்று தெரிந்தால் தாங்கமாட்டார். உடனே எடுத்துவிடு.

குழந்தைக்கு முத்தம். குளிர் வந்துவிடும், அவள் காதை மூடி வெளியே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா இடலினா


செதூபல்,
செப்டம்பர் 18

அன்பு மகன் டெல்மோவுக்கு,

மாதா துணை. போன கடிதம் உன் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தாலும் நான் சொன்னபடி செய்யாதே. நீ எழுதியது நேற்றும் அங்கேயே இருந்தது. அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின், அத்தை அடுப்படியில் இருந்தாள். நான் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய விரல் நின்றது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, கண்ணா. போனைப் பிடுங்கித் தூக்கி எறியலாமா என்றுகூடத் தோன்றியது. எறிந்து என்ன ஆகப்போகிறது? பீன்ஸ் உரித்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு லேசாகச் சிரித்தார். படகு போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அது எந்தச் சிரிப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ஒற்றை விரலால் வெகு நேரம் அமுக்கினார். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, 'செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்' என்று எழுந்து போனார்.

நான் எடுத்துப் பார்த்தேன். உனக்குத் திட்டு எழுதியிருப்பார், இல்லாவிட்டால் ஒரு வார்த்தையாவது மகனுக்கென்று இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. 'மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்' என்று தொடங்கி, 'உங்கள் குடும்பத்தில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்' என்று முடிகிற அதே பதில். மற்றவர்களுக்கு எழுதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறதா? கேட்டால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாமல் இருந்து நான் கேட்டுவிட்டால், நானே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அன்று படகில் உட்கார்ந்திருந்ததுபோல எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அத்தை என்னடா என்றால், 'என்ன அண்ணி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, வயிறு சரியில்லையா?' என்று கஷாயம் போட்டுக் கொடுக்கிறாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் கீழே போகவில்லை. இன்னும் எத்தனையோ பேர் பாக்கி இருக்கிறார்கள், ஒருவருக்கும் எழுதவில்லை. ஆனால் தினமும் போனைத் திறக்கிறார். நேரே அந்த இடத்துக்குத்தான் போகிறார். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். மூடி வைக்கிறார்.

நீ போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிடாதே. கேட்டால் அவர், 'அட விடுப்பா, அதுல என்ன இருக்கு' என்று சொல்லிவிட்டு, அதோடு சேர்த்து எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வார். நீ எழுதியதை எடுத்துவிட்டால் அவர் எழுதியதும் சேர்ந்து போய்விடுமாம், காப்பிக்கடைப் பெண் சொன்னாள். அதற்குக் கீழேயே பதில் எழுது. உன் முழுப் பெயர் வேண்டாம், மகன் என்று சொல்ல வேண்டாம். அவர் உன்னை ஐயா என்று கூப்பிட்டிருக்கிறார், நீயும் அவரை ஐயா என்றே கூப்பிடு. 'ஐயா, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்' என்று மட்டும் எழுதினால் போதும். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். காலையில் அவர் போனை எடுப்பதற்குள் எழுதிவிடு, என் ராசா.

உன் அம்மா