நாற்பத்தெட்டாம் இடம்

மோர்கம்
9 ஜனவரி 2017

மதிப்பிற்குரிய திரு. ஹோல்ராய்டு அவர்களுக்கு,

ரோச்டேலில் திரெல்ஃபால் இசைத்தட்டுக் கடையில், கழுத்துப்பட்டையை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டு நிற்பாரே ஒருவர், அது நீங்கள்தான் என்று நம்பி எழுதுகிறேன். நீங்கள் வேறு ஹோல்ராய்டாக இருந்தால் மன்னித்து, இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மருமகள் ரோச்டேல் செய்தித்தாளை அனுப்பியிருந்தாள். 1973ஆம் வருடத்தின் வெற்றிப் பாடல்களைப் பற்றி மார்ச் மாதம் நூலகத்தில் பேசப்போகிறீர்களாம். அதிகம் விற்ற ஐம்பது தட்டுகள் என்று அந்த வருடம் வாராவாரம் வந்த பட்டியல் அத்தனையையும் கையால் எழுதி வைத்திருக்கிறீர்களாம். படித்ததும் சிரித்தேன். நீங்கள் செய்யக்கூடிய காரியம்தான்.

என்னை நினைவிருக்காது. அப்போது நோரீன் ஆஸ்பின். நூற்பாலையில் நூல் சுற்றும் கூடத்தில் வேலை. என் தம்பி டெரிக் ‘நைட் டிராம்ஸ்’ என்ற குழுவில் பாடினான். அவர்கள் போட்டது ஒரே ஒரு தட்டு: ‘உன் ஈரக் குடை’. அது ஐம்பது பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது என்று நான் சொன்னால் என் மகன், “எல்லா வயசானவங்களும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்கம்மா” என்கிறான். எந்த இடத்தில் நின்றது என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
நோரீன் கிளெக்


ரோச்டேல்
16 ஜனவரி 2017

அன்புள்ள திருமதி கிளெக்,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அந்த ஹோல்ராய்டு நான்தான். கழுத்துப்பட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதும் சரிதான்.

நோட்டை இரண்டு முறை பார்த்தேன். அக்டோபர் 6 தேதியிட்டு, அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையே வானொலியில் சொன்ன பட்டியலில் ‘உன் ஈரக் குடை’ நாற்பத்தெட்டாம் இடம். அதற்கு மேலே நாய்க்குட்டியைப் பற்றி ஒரு பாட்டு. கீழே, கோடையிலிருந்து இறங்க மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு காதல் பாட்டு. அடுத்த வாரப் பட்டியலில் உங்கள் தம்பியின் பாட்டு இல்லை. மகனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அது ஒரு விசித்திரமான வருடம். ஆண்களெல்லாம் கண்ணுக்கு மை தீட்டி, மினுக்குச் சட்டையும் முழ உயரக் குதிகால் பூட்ஸும் போட்டுக்கொண்டு பாடினார்கள். ஜனவரியில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் டிசம்பரில் மணியடித்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பாடினார்கள். இவர்களுக்கு நடுவே சாதாரணக் கோட்டுப் போட்ட நான்கு பையன்கள் குடையைப் பற்றிப் பாடியது எனக்குப் பிடித்திருந்தது. என் ரசனையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களை நன்றாக நினைவிருக்கிறது.

பணிவுடன்,
வில்ஃப்ரெட் ஹோல்ராய்டு


மோர்கம்
2 பிப்ரவரி 2017

அன்புள்ள வில்ஃப்ரெட்,

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். எழுபது வயதுக்கு மேல் யாருக்கு மிஸ்டர், மிஸஸ்?

உங்கள் கடிதத்தைக் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் வைத்து மகனிடம் நீட்டினேன். நாற்பத்தெட்டு என்று அவனே சத்தமாக வாசித்தான். ஆனால் என் கேள்வி நாற்பத்தெட்டோடு முடியவில்லை. அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். முதல் கடிதத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் வானொலியில் நாற்பத்தெட்டு என்று சொன்னார்கள். கூடமே கத்தியது. ஆளுக்கொரு தட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமையும் வேலை இருந்ததால் யாராலும் கடைக்கு வர முடியாது. நான் ஒருத்தி மட்டும் அனுமதி வாங்கினேன். செவ்வாய் சாயங்காலமே உங்களிடம் வந்து அறுபத்திரண்டு தட்டு வேண்டுமென்று சொல்லி வைத்தேன். சனிக்கிழமை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு போனேன். நினைவிருக்கிறதா? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டீர்கள்.

டெரிக் அதை லண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். எங்க ஊரில் ஒரே நாளில் அறுபத்திரண்டு என்று. அவர்கள் எப்படியோ கடைக் கணக்கைப் பார்த்துவிட்டு அவன் முகத்துக்கு நேராகச் சிரித்தார்களாம். “உங்க ஊர்ல வித்தது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி.” அதோடு குழு முடிந்தது.

அவன் நேராக வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டான். சத்தியம் செய்தேன். ஆலைப் பெண்களின் வீடுகளில் போய்ப் பார் என்றேன். “வீடு வீடாப் போய் என் பாட்டு இருக்கான்னு பிச்சை கேக்கச் சொல்றியா?” என்றான். நான் அவனைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொன்னேன் என்று நம்பிவிட்டான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஹல் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். நாற்பத்து நாலு வருடமாகக் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு வானிலை சொல்கிறான். நானும் இங்கத்து வானிலை சொல்கிறேன்.

போன வருடம் அவனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மே மாதம் என்னைப் பார்க்க வருகிறானாம், முதல் தடவையாக. அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும், வில்ஃப்ரெட். அந்த ‘ஒன்று’ எங்கிருந்து வந்தது? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
நோரீன்


ரோச்டேல்
8 பிப்ரவரி 2017

அன்புள்ள நோரீன்,

உங்கள் தம்பியின் உடல்நிலை அறிந்து வருந்தினேன். தேறிவருவார் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட விஷயம். கடையின் வாராந்தர விற்பனை ஏடுகள் அந்தந்த வாரமே லண்டனுக்குத் தபாலில் போய்விடும். என்னிடம் பிரதி எதுவும் இல்லை. கணக்கெடுப்பு அலுவலகத்தில் ஏதாவது பிசகு நடந்திருக்கலாம். நாட்டில் எத்தனையோ கடைகளிலிருந்து ஏடுகள் வரும். எங்கே என்ன நடந்தது என்று இப்போது சொல்வது கடினம். எனக்குத் தெரிந்து சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே மூன்று நாளாக உறைபனி. நூலகப் பேச்சுக்குக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பணிவுடன்,
வில்ஃப்ரெட்


மோர்கம்
27 பிப்ரவரி 2017

அன்புள்ள வில்ஃப்ரெட்,

தேடிப் பார்த்ததற்கு நன்றி. நீங்களே தெரியவில்லை என்றால் இனி யாருக்குத் தெரியும்? டெரிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன், கடை ஹோல்ராய்டுக்கும் தெரியவில்லையாம் என்று. “சரி, விடு நோரீன்” என்றான். அந்த ‘சரி, விடு’ நாற்பத்து நாலு வருடப் பழசு.

போகட்டும். மே மாதம் அவன் வரும்போது நீங்களும் ஒரு நாள் தேநீருக்கு வாருங்கள். கடற்கரை பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, என் இஞ்சி கேக் சுமார்தான். ஆனால் அந்த வருடத்தைப் பற்றி யாராவது மரியாதையாகப் பேசி டெரிக் கேட்டதே இல்லை. நீங்கள் பேசினால் கேட்பான். உங்களைப் போல ஒழுங்கான மனிதர் அபூர்வம்.

அன்புடன்,
நோரீன்


ரோச்டேல்
18 மார்ச் 2017

அன்புள்ள நோரீன்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. தேதிவாரியாக எழுதினால்தான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை பட்டியலுக்குக் கணக்குக் கொடுக்கும் கடைகளில் ஒன்று. அதை வெளியே சொல்லக் கூடாது என்பது கட்டளை. தட்டு விற்ற உடனே ஏட்டில் ஒரு கோடு போட வேண்டும். ஒரே ஆள் ஒரே தட்டை மொத்தமாக வாங்கினால் ஒரு கோடுதான் போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நிறுவனங்கள் ஆள் அனுப்பித் தங்கள் தட்டைத் தாங்களே வாங்கிக்கொள்வதைத் தடுக்க அந்த ஏற்பாடு.

அக்டோபர் 6, சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். நீங்கள் ஆலைச் சீட்டில் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயர் சொல்லிப் பைக்குள் வைத்தீர்கள். இது பெக்கிக்கு, இது மூக்குக் கண்ணாடி ஷீலாவுக்கு, இது குட்டை ஷீலாவுக்கு. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவை அறுபத்திரண்டு பேருடைய தட்டுகள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு ஒரு கோடு போட்டேன்.

அறுபத்திரண்டு போட்டிருந்தால் லண்டனில் சந்தேகப்பட்டு ஆளை அனுப்பியிருப்பார்கள். விசாரிப்பார்கள், முதலாளி என்னைப் பார்ப்பார். தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த மாதிரி இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கலாம். எண் சுவரிலேயே இருந்தது. லண்டனில் ஒருவரிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்ற நினைப்பிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. விதி என் பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் கோழையின் தவறு என்று விட்டுவிடலாம். அன்று மதியம் ஒரு பெரிய நிறுவனத்தின் விற்பனை ஆள் வந்தான். தோல் கோட்டுப் போட்டவன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் சாய்ந்துகொண்டு, “வில்ஃப் கண்ணு, அந்த ஏட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்பி வை. நீ போய் நமக்கு ஒரு டீ போட்டுக் கொண்டா” என்றான். நான் டீ போடப் போனேன். தண்ணீர் கொதித்த பிறகும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவனுடைய தட்டுக்கு நேரே இருபத்தைந்து கோடுகள் இருந்தன. என் பேனாவில் போட்டிருந்தான். அவன் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையில்லாத ஆள் என்று தெரிந்து வைத்திருந்தான். அந்த ஏட்டை நானே உறையிலிட்டு, நானே தபாலில் சேர்த்தேன்.

நிஜமாக வாங்கிய அறுபத்திரண்டு பேருக்கு ஒன்று. யாருமே வாங்காத இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ஒருத்திக்கு விதி, இன்னொருவனுக்குத் தேநீர். அடுத்த வாரம் அவனுடைய தட்டு முப்பதுக்குள் ஏறியது. அதையும் நோட்டில் அழகாக எழுதி வைத்தேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. உங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். அந்த மாதக் கடைசியில் டெரிக் கடைக்கு வந்தார். வேறு யாரும் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். “எங்க நோரீன் இங்க வந்து என் தட்டு அறுபத்திரண்டு வாங்கினாளா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை போதும்.” ஆமாம் என்று சொன்னால், ஏன் ஒன்று என்று எழுதினாய் என்ற அடுத்த கேள்வி வரும். நான், “யார் என்ன வாங்கினாங்கன்னு கடையில சொல்றது வழக்கமில்லைங்க” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “புரியுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன புரிந்துகொண்டார் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் நீங்கள் கேட்டபோதும் தெரியாது என்று எழுதினேன். நேற்று முன்தினம் நூலகத்தில் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர், “எல்லாம் கடைக்காரங்க உள்ளேயே எழுதி ஏத்தினதுதானே தாத்தா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான், “எங்கள் கடையில் இல்லை” என்றேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொன்னது பொய்யில்லை. டெரிக்கிடம் இதை அப்படியே காட்டலாம். அவர் நீதிமன்றம் வரை போனாலும் இதே வார்த்தைகளைச் சொல்வேன் என்று எழுத ஆசை. எழுதும்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆகவே கேட்கவில்லை.

வில்ஃப்ரெட் ஹோல்ராய்டு


மோர்கம்
28 மார்ச் 2017

திரு. ஹோல்ராய்டு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை டெரிக்குக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் முடித்திருக்க மாட்டேன்.

முடித்ததும் அவன், “அப்ப அறுபத்திரண்டும் நிஜமா, நோரீன்?” என்றான். நிஜம்தான்டா என்றேன். “யார் யாருன்னு சொல்லு” என்றான். எனக்கு நாற்பத்தொரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் ‘ம்’ கொட்டினான். அதற்கு மேல் நடந்தது எங்களோடு இருக்கட்டும்.

அந்த ஒற்றைக் கோட்டை நான் மன்னித்துவிட்டேன். உங்களைச் சுற்றி முதலாளி இருந்தார், லண்டன் இருந்தது, தோல் கோட்டுக்காரன் இருந்தான். பயந்தவர் பயந்தபடி செய்தீர்கள். கடையில் தன்னிடம் சொன்னதை மன்னிப்பதா வேண்டாமா என்பது டெரிக்கின் விஷயம். மன்னித்துவிட்டேன் என்கிறான். அவனுக்கு எப்போதும் இளகிய மனசு.

ஆனால் பிப்ரவரி எட்டாம் தேதி உங்களைச் சுற்றி யாரும் இல்லை. கடையே இல்லை. எல்லாவற்றையும் எழுதி, உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கா பயந்தீர்கள்? அதை நம்பி டெரிக்கிடம் போய்ச் சொன்னேன். அவனை இன்னொரு தடவை ‘சரி, விடு’ என்று சொல்ல வைத்தேன். நாற்பத்து நாலு வருடத்துக்கு முந்தினதை மன்னிக்க முடிகிறது. ஏழு வாரத்துக்கு முந்தினதை முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். அதற்கு நன்றி. உண்மையாகவே சொல்கிறேன்.

மே 12 டெரிக் வருகிறான். பதினொன்றரை மணி ரயில். தேநீருக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

நோரீன் கிளெக்