ஏசியை அணைத்துவிட்டுச் செய்த சோதனை

மே 12, திங்கள், இரவு.

கூட்டேரிப்பட்டு வாடிக்கையாளருக்காக பிராசஸர் வேகத்தைக் கூட்டிய கம்ப்யூட்டர், திண்டிவனம் கடையில் ஒரு மணி நேரம் முழு லோடில் ஓடியது. சூடு எண்பத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை.

"நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது? ஜல்தி பேக் பண்ணும்மா" என்றார் முதலாளி.

வாங்குகிறவர் வீட்டுக்குத் தகரக் கூரை, ஏசி கிடையாது. நான் எழுந்துபோய் ரிமோட்டை எடுத்துக் கடை ஏசியை அணைத்தேன். அரை மணியில் தொண்ணூற்றாறு டிகிரி. திரை நீலமாகி எல்லாம் நின்றுவிட்டது.

"வேணும்னே கெடுக்கிறியா?" என்று கத்தினார்.

"அப்ப இந்த ஏசியையும் சேத்துக் குடுத்தனுப்புங்க சார், பேக் பண்றேன்" என்றேன்.

வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வியர்வை ஒழுக மறுபடி ஓட்டினேன். சூடு எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. பிறகுதான் பேக் செய்தேன்.

நாளை முதல் ரிமோட்டை ஒளித்துவைப்பாராம். வைக்கட்டும். ஏசி சுவிட்ச் என் மேஜைக்குப் பின்னால்தான் இருக்கிறது.