எருக்குழியைக் கிளறியது யார்

புரட்டாசி 3, செவ்வாய்

மூட்டம். தூறல் இல்லை. மாட்டுக்கொட்டகை கூட்டிக்கொண்டு வந்து கொட்டும்போது பார்த்தேன். நேற்று எருக்குழியின் மேல் நான் போட்ட வைக்கோல் (மாடு படுத்து நனைந்தது) மேலே இல்லை. உள்ளே இருந்த கறுப்பு மேலே. லேசாக ஆவி. யாரோ கிளறியிருக்கிறார்கள்.

மழைக்காலம் நான்கு மாதமும் குழியைக் கிளறக் கூடாது. புழு பூச்சி சாகும். அத்தையின் சமண விரதம். அப்பாவின் அக்கா விரதம் என்றால் வீட்டுக்கே விரதம். சாணத்தையும் பழைய வைக்கோலையும் மேலே மேலே போடலாம், அவ்வளவுதான். அதனால் சரியாக மக்காது. போன வருடம் அந்தச் சூட்டு எருவைப் போட்டு என் கத்தரி அத்தனையும் வேர் வெந்து போனது. பள்ளிக்கூடம் நின்ற பிறகு எனக்கென்று இருப்பது அந்தப் பாத்தி ஒன்றுதான்.

அத்தையிடம் சொல்லவில்லை. சோப்பு தீர்ந்தது.

புதன்

அண்ணி மேல் சந்தேகம். தாமலிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் சொன்னது: "எங்க ஊர்ல மாசத்துக்கு ஒரு வாட்டி பொரட்டிப் போடுவோம். எரு டீத்தூள் மாதிரி ஆயிடும்." அன்று முழுக்க அத்தை முகம் கொடுக்கவில்லை.

இன்று அண்ணியின் நகத்தைப் பார்த்தேன். கறுப்பு. பாத்திரம் தேய்த்த கரியாகவும் இருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்தது ஏன்?

வியாழன்

வேலியோரம் ஒரு தேங்காய் ஓடு. மேலே பூவரச இலை, அதன் மேல் கல். செய்வினையோ? தொடவில்லை.

நான் நிற்பதைப் பார்த்து அத்தை வந்தார். ஓட்டைவிடக் குழியைத்தான் பார்த்தார். நேரே சமையலறைக்குப் போனார். அண்ணி, நான் இல்லை என்றது. இரண்டு தரம். அத்தை குரலை உயர்த்தவில்லை.

"புழுவைக் கொன்ன கையால போட்ற சோறு எனக்கு எறங்காது."

பொழுது சாயும் முன் எல்லோரும் சாப்பிட்டோம். அத்தை தண்ணீர் மட்டும். விரதம் முடியும்வரை அண்ணி தாமலிலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுகிறேன் என்று அண்ணன் சொன்னார். அப்பா பேப்பர் படித்தார். அண்ணி என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

சனி

காலையில் வெயில். அத்தை கோயிலுக்குப் போனதும் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்தேன். அண்ணியைக் கையும் களவுமாகப் பிடிக்க.

வந்தது அப்பா.

மண்வெட்டியை மெதுவாக இறக்கினார். ஒரு வெட்டு. உடனே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொழுத்த வெள்ளைப் புழுக்களை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துத் தேங்காய் ஓட்டில் விட்டார். மேலே கொஞ்சம் எரு, பூவரச இலை. பறவை கொத்தாமல் இருக்கக் கல். பிறகு அடுத்த வெட்டு.

தும்மிவிட்டேன்.

அப்பா திருடன் மாதிரி எழுந்து நின்றார். "அக்காகிட்ட சொல்லிடாதம்மா. உன் கத்தரி இந்த வருஷமும் வெந்து போவக் கூடாதுன்னுதான்."

"நாளைக்கு அண்ணியை அனுப்பறாங்கப்பா." இதை நான் சத்தமாகத்தான் சொன்னேனா தெரியவில்லை. காதில் விழுந்திருக்கும். அப்பா மண்வெட்டிக் காம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா எதிர்ல நின்னு பேச எனக்கு வராதும்மா."

எனக்கும் வராது.

ஞாயிறு

தூறல். அண்ணி டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்தாயிற்று. கண் வீங்கியிருக்கிறது. அண்ணன் குடை தேடுகிறார். அப்பா பேப்பர். நேற்றைய பேப்பர்.

அத்தை பின்கட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். அண்ணி இல்லை என்று சொல்லத்தான் போனேன்.

கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழியின் ஓரத்தில் தேங்காய் ஓட்டை வைத்துவிட்டுக் கிளற ஆரம்பித்தேன்.